பழைய முக்காலியும் சிறு பொருளின் உரிமையும்



ஒரு வீட்டில் மரணம் நிகழ்ந்துவிட்டால் நிலம், மனை, நகை, வங்கி இருப்பு ஆகியவற்றின் பங்கீட்டைப் பற்றி நாம் ஆலிம்களை அணுகிக் கேட்கிறோம். அண்டா, உரல், மணை, முக்காலி ஆகியவற்றைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அவை எவர் கைக்கு எட்டுகின்றனவோ அவரிடமே போய்ச் சேர்ந்துவிடுகின்றன. எங்கள் வீட்டில் நான்கு பழைய மர ஆசனங்கள் இருந்தன. அவை வீட்டில் எவ்வாறு பயன்பட்டன, எங்கள் நன்னியின் மறைவுக்குப் பின் அவற்றின் பொருட்டு நாங்கள் எதைச் சிந்திக்க நேர்ந்தது என்பதை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

குடவோலைக் கல்வெட்டுகளால் பெயர் பெற்ற உத்திரமேரூரை அடுத்த காவாந்தண்டலம் எங்கள் ஊர். நெல்லை நம்பி வாழும் சிற்றூர். எங்கள் பழைய வீடு மண்சுவரும் நாட்டு ஓடும் கொண்டது. தரையும் மண்தரையே. மேடு பள்ளம் இல்லாத இடம் அந்த வீட்டில் குறைவு. அப்படிப்பட்ட தரைக்கு ஏற்ற ஆசனம் முக்காலிதான். நான்கு கால்களில் ஒன்று பள்ளத்தில் இருந்தாலும் நாற்காலி ஆடும். மூன்று கால்கள் எந்தத் தரையிலும் ஒருசேர ஊன்றி நிற்கும். இந்தக் கணக்கை அறிந்தே நம் முன்னோர் மாட்டுத் தொழுவத்திற்கும் கிணற்றடிக்கும் மூன்று கால் ஆசனத்தைச் செய்துகொண்டனர்.

எங்கள் முக்காலியின் மேற்பலகை புளிய மரத்தின் வைரம் பாய்ந்த பகுதி. செக்குக்கும் உரலுக்கும் உகந்தது என்று அக்காலத்தார் தேர்ந்தெடுத்த மரம் அது. உயரம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. மேற்பலகையின் நடுவை வாய்ச்சியால் செதுக்கிச் சிறிது குழிவாக்கியிருந்தார்கள். பலகையைத் திருப்பிப் பார்த்தால் வாய்ச்சியின் தடங்கள் மீன் செதில்போல் வரிசையாகத் தெரியும். ஓர் ஆணிகூடக் கிடையாது. நன்கு காய்ந்த காலை, ஈரம் முழுவதும் வற்றாத பலகையின் துளைக்குள் இறக்கி, மேலிருந்து ஆப்பு வைத்திருந்தார்கள். பலகை உலர உலரத் துளை சுருங்கிக் காலை இறுகப் பற்றிக்கொள்ளும். கால்கள் மூன்றும் வெளிப்புறமாகச் சாய்ந்திருப்பதால், உட்கார்ந்தவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் கவிழாது.

இரண்டாவது, கோக்காலி. நான்கு நெடிய கால்களைக் கொண்ட உயரமான ஆசனம் அது. பரணில் இருந்து பாத்திரம் எடுக்கவும், கூரையில் ஒட்டடை அடிக்கவும் அதன்மீது ஏறுவோம். மீதி இரண்டும் மணைகள். தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரமே உள்ள பலாப்பலகை ஆசனங்கள். விறகடுப்பின் முன் ஒன்று, அரிவாள்மணையின் அருகில் ஒன்று என்று அவை சமையற்கட்டிலேயே குடியிருந்தன.

இவற்றைச் செய்த ஆசாரிக்குக் கூலியாக ரொக்கம் தரப்படவில்லை என்று எங்கள் நன்னி கூறுவார். அறுவடையின்போது களத்தில் நெல் அளந்து கொடுத்தார்களாம். இது ஒரு வீட்டின் வழக்கம் மட்டுமல்ல. கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் செங்கல்பட்டுச் சீமை கைமாறிய பின், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் அச்சீமையை ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். ஊர் விளைச்சலில் தச்சருக்கும் கொல்லருக்கும் ஏனைய ஊர்ப்பணியாளருக்கும் ஒதுக்கப்பட்ட பங்குகள் அக்கணக்குகளில் பதிவாகியுள்ளன. ஏர், வண்டி, கதவு, முக்காலி ஆகிய அனைத்தும் ஊர் தந்த நெல்லுக்கு ஈடாகத் தச்சர் செய்து தந்த உழைப்பு. ஆகவே ஒரு பழைய முக்காலியை ‘ஏதோ ஒரு கட்டை’ என்று எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சுத் தொழில் செய்தவர்கள் என்பதை நாம் ஹதீஸில் அறிந்திருக்கிறோம். மதீனாப் பள்ளியில் நபி (ஸல்) அவர்கள் அமர்ந்து உரையாற்றிய மிம்பரும் அன்சாரிப் பெண்மணி ஒருவரின் தச்சுப் பணியாளர் செய்து தந்த மூன்று படிகளுடைய மரமேடையே.

முக்காலியின் முதல் வேலை அதிகாலையிலேயே தொடங்கிவிடும். ஃபஜ்ருக்குமுன் நன்னி அதைக் கிணற்றடியில் போட்டு அமர்ந்து ஒளுச் செய்வார். கீழே சிந்திய நீர் மேலே தெறிக்காதிருக்க உயரமான இடத்தில் அமர்வது ஒளுவின் ஒழுக்கங்களில் ஒன்று என்று ஹனஃபி மத்ஹபின் பாடநூலாகிய நூருல் ஈளாஹ் குறிப்பிடுகிறது. நன்னி அந்த நூலைப் படித்தவர் அல்லர். தம் தாயிடமிருந்து அவ்வழக்கத்தைக் கற்றிருந்தார். பின்னர் அதே முக்காலி பால் கறக்கத் தொழுவத்திற்குப் போகும். அஸருக்குப் பின் திண்ணைக்கு வந்துவிடும். ரெஹால் பலகையில் குர்ஆனை வைத்துப் பாயில் அமர்ந்து ஓதும் பிள்ளைகளின் அருகில், அதில் உட்கார்ந்தபடி நன்னி பிழை திருத்துவார். உணவுக்கு மட்டும் அதற்கு இடமில்லை. நாங்கள் அனைவரும் தரையில் ஸுஃப்ரா விரித்தே உண்போம்.

விருந்தினர் வந்தால் முக்காலி அவருக்குரியது. வீட்டார் பாயிலோ திண்ணையிலோ அமர்வார்கள். அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் இஸ்லாத்தை ஏற்பதற்குமுன் மதீனா வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவரை வீட்டுக்கு அழைத்துச் சென்று, ஈச்சநார் அடைத்த தோல் திண்டை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தாம் தரையில் அமர்ந்தார்கள் என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. இருப்பதில் சிறந்த ஆசனத்தை வந்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்த வரலாற்றைக் கேட்பதற்கு முன்னரே முக்காலியிடம் கற்றுக்கொண்டார்கள்.

இந்த ஆசனங்கள் எங்கள் வீட்டில் மட்டும் இருந்தன என்றும் கூற முடியாது. பக்கத்து வீடுகளில் வெள்ளையடிக்கும் நாளில் கோக்காலி அங்கே இருக்கும். அண்டை வீட்டு இந்துச் சகோதரியின் வளைகாப்புக்கு எங்கள் மணையைக் கேட்டு வாங்கிப் போனார்கள். திரும்பி வந்தபோது அதில் மஞ்சள் கறை படிந்திருந்தது. கழுவியும் அது முழுவதும் போகவில்லை. “இருந்துவிட்டுப் போகட்டும், கேட்டதைக் கொடுத்தோம் என்பதற்கு அடையாளம்” என்றார் நன்னி. அல்மாஊன் அத்தியாயத்தில் அற்பமான புழங்குபொருளைக்கூடத் தர மறுப்போரை அல்லாஹ் கண்டிக்கிறான். அச்சொல்லுக்கு விளக்கம் கூறிய இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் கோடரி, சட்டி, வாளி போன்றவற்றை எடுத்துக்காட்டினார்கள். எங்கள் ஊரில் அந்தப் பட்டியலில் மணையும் கோக்காலியும் சேரும்.

பின்னர் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. எடை குறைவு, விலையும் குறைவு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம். பந்தல்காரரிடம் சொன்னால் நூறு நாற்காலிகள் வாசலில் வந்து இறங்கும். அவற்றைக் குறை கூறுவது எங்கள் நோக்கம் அன்று. முதுகு சாய்த்து அமர முடியாமல் இருந்த முதியோருக்கு அவை ஆறுதலாயின. ஆனால் இரவல் கேட்டு ஒருவர் வாசலுக்கு வருவதும், கொடுப்பதும், கறையோடு திரும்பி வருவதும் மெல்ல நின்றுபோயின. வீட்டில் சிமெண்டுத் தரை போட்ட பிறகு மணைகள் பரணுக்கு ஏறின. கோக்காலி தொழுவத்தின் மூலைக்குப் போயிற்று.

முக்காலி மட்டும் நன்னியை விட்டுப் பிரியவில்லை. முழங்கால் வலி முற்றியபின் அவரால் தரையில் அமர்ந்து எழ இயலவில்லை. நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்துத் தொழலாம் என்று மூலநோயால் துன்புற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் காட்டிய சலுகை நமக்குத் தெரியும். நன்னி தம் கடைசி இரண்டு ஆண்டுகள் தொழுததெல்லாம் அந்த முக்காலியில் அமர்ந்துதான். நாங்கள் நாற்காலி வாங்கித் தந்தோம். அதன் உயரம் அவருக்கு ஒத்துவரவில்லை. முக்காலியில் அமர்ந்தால் பாதம் இரண்டும் தரையில் படிந்தன. ஆகவே அதையே வேண்டினார்.

நன்னி வஃபாத்தானார். அல்லாஹ் அவருடைய மண்ணறையை விசாலமாக்குவானாக. அதன்பின் சில மாதங்களில், பழைய பொருள்களை வாங்கும் வியாபாரி ஒருவர் ஊருக்கு வந்தார். இப்படிப்பட்ட வாணிபம் நம் நாட்டில் நன்கு வேரூன்றிய ஒன்று. காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் பெட்டிகளும் விற்பனைக்கு நிற்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். செதுக்குவேலை மிகுந்த தேக்குக்கு மட்டுமே முன்பு மதிப்பு இருந்தது. இப்போது பாலிஷ் இல்லாத, கரடுமுரடான நாட்டு மர ஆசனங்களையும் நகரத்தார் தேடுகிறார்கள். வந்தவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். சென்னை வீடொன்றின் வரவேற்பறையில் முக்காலியின்மேல் ஒரு பூந்தொட்டி இருந்தது. முக்காலிக்கு 4,000 ரூபாய், கோக்காலிக்கு 3,000, மணைகளுக்கு தலா 1,500 என்று மொத்தம் 10,000 ரூபாய் தருவதாகச் சொன்னார்.

அன்று மாலை வீட்டில் பேச்சு எழுந்தது. விற்றுவிடலாம் என்றார் பெரியத்தா. உளுத்துப் போவதற்குமுன் காசாக்குவது அறிவு என்பது அவர் வாதம். அம்மா தொழுத முக்காலியை விற்பதா என்றார் எங்கள் அத்தா. இருவரும் தத்தம் நிலையில் உறுதியாக இருந்தார்கள். குப்பி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துப் பெரியத்தா, “நீ என்னம்மா சொல்கிறாய்?” என்றார்.

“எனக்கு என்ன இருக்கிறது அண்ணே, நீங்கள் இருவரும் பார்த்துச் செய்யுங்கள்” என்றார் குப்பி.

சகோதரிகளே, இந்த விடையை நீங்கள் எத்தனை வீடுகளில் கேட்டிருப்பீர்கள்! மணமாகிச் சென்ற பெண் தாய்வீட்டில் பங்கு கேட்டால், பிறந்தகத்தின் வாசலே அடைபட்டுவிடும் என்ற அச்சம் அதில் ஒளிந்திருக்கிறது. அதைப் பெருந்தன்மை என்று நாம் பாராட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

பெரியத்தா அப்படிப் போய்விடவில்லை. “இருக்கிறதா இல்லையா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம்” என்று கூறி, மறுநாள் ஆலிம் ஒருவரிடம் விவரத்தைச் சொன்னார். அந்த ஆலிம் கூறியது எளிமையானது. இறந்தவர் விட்டுச் சென்றவற்றில் முதலில் கஃபன்–அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத், எஞ்சியது வாரிசுகளுக்கு. அந்நிஸா அத்தியாயத்தின் 7ஆவது வசனம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பங்கு உண்டு என்று கூறும்போது, விட்டுச் சென்றது குறைவாயினும் அதிகமாயினும் என்று சேர்த்தே கூறுகிறது. எனவே முக்காலி சிறிது என்பதனால் கணக்கிலிருந்து விலகிவிடாது. தம் பங்கு இவ்வளவு என்பதை அறிந்தபின், எவருடைய வற்புறுத்தலும் இன்றி ஒருவர் விட்டுக்கொடுத்தால்தான் அது விட்டுக்கொடுத்தல். அறியாமலும் நாணத்தாலும் வாய்மூடி நிற்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

நன்னிக்கு இரு மகன்கள், ஒரு மகள். கணவரும் பெற்றோரும் முன்னரே மறைந்துவிட்டனர். ஆகவே மகன் ஒவ்வொருவருக்கும் இரண்டு, மகளுக்கு ஒன்று என ஐந்து பங்குகள். வியாபாரி சொன்ன விலையையே சந்தை மதிப்பாகக் கொண்டால், 10,000 ரூபாயில் ஒரு பங்கு 2,000. மகன்களுக்குத் தலா 4,000, குப்பிக்கு 2,000. இதை ஒரு தாளில் எழுதிப் பெரியத்தா குப்பியின் கையில் கொடுத்தார். “இது உன் உரிமை. இப்போது சொல், உனக்கு எது வேண்டும்?”

குப்பி நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு, “அம்மா தொழுத முக்காலி” என்றார்.

முக்காலியின் மதிப்பு 4,000. அவருடைய பங்கோ 2,000. எஞ்சிய இரண்டாயிரத்தைத் தவணையில் தந்துவிடுவதாகக் குப்பி சொன்னார். அண்ணன்மார் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆளுக்கு 1,000 ரூபாயைத் தம் பங்கிலிருந்து தங்கைக்கு அன்பளிப்பாக விட்டுக்கொடுத்தார்கள். அதனால் அவர்களுக்குத் தலா 3,000 மிஞ்சியது. பெரியத்தா கோக்காலியை எடுத்துக்கொண்டார். அத்தாவுக்கு இரண்டு மணைகளும் வந்தன. காசு கைமாறவில்லை, பொருளும் வெளியே போகவில்லை. வியாபாரி வெறுங்கையோடு திரும்பினாலும், அவர் சொன்ன விலை எங்களுக்குப் பயன்பட்டது. அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினோம்.

இந்த நிகழ்வில் எங்களை மிகவும் பாதித்தது வரிசைமுறைதான். முதலில் உரிமை, அதன்பின் அன்பளிப்பு. கணக்குப் பார்க்காமலேயே அண்ணன்மார் முக்காலியைத் தூக்கிக் கொடுத்திருந்தாலும் குப்பி அதை வாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் அப்போது அவர் தாய்வீட்டின் தயவைப் பெற்றவராகவே சென்றிருப்பார். கணக்கிட்ட பின்னர் அவர் தம் சொந்தப் பொருளை எடுத்துச் செல்லும் வாரிசாகச் சென்றார். அதற்குமேல் கிடைத்த அன்பளிப்பும் அன்பளிப்பாகவே விளங்கிற்று. ஒரு முக்காலியில் இவ்வொழுங்கைப் பழகிக்கொண்ட குடும்பத்துக்கு, நாளை நிலத்தைப் பிரிக்கும்போது தடுமாற்றம் குறையும். சிறியதில் மறந்தவர்கள் பெரியதில் நினைவுகொள்வது அரிது.

இத்தகைய பழைய ஆசனங்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவற்றைப் பற்றி நாங்கள் அறிந்த சில செய்திகளையும் கூறிவிடுகிறோம். பலகையின் கீழ் மாவுபோன்ற தூள் புதிதாக உதிர்ந்திருந்தால் வண்டு உயிரோடு துளைக்கிறது என்று பொருள். தூளைத் தட்டிவிட்டு, துளைகளில் வேப்பெண்ணெயைச் சொட்டு சொட்டாக விட்டு, சில நாள்கள் கழித்து மீண்டும் பாருங்கள். கடும் வெயிலில் நெடுநேரம் போட்டால் மரம் வெடிக்கும். நிழலான, காற்றோட்டமான இடமே நல்லது. ஈரத் தரையில் கால்கள் நெடுநாள் ஊறக்கூடாது. கால் ஆடினால் ஆணி அடிக்காதீர்கள். ஆணி மரத்தைப் பிளக்கும். பிறகு ஆசாரியாலும் சீர்செய்வது கடினம். புதிய ஆப்பு ஒன்று போதும். பழைய மேற்பரப்பை எந்திரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கினால் கைத்தடமும் காலத்தடமும் ஒருசேர அழிந்துவிடும்.

விற்பதும் தவறன்று. வறுமையிலோ கடனிலோ இருப்பவருக்கு முக்காலியைவிட அதன் விலை தேவைப்படலாம். விற்பதற்குமுன் அதன் வயதை அறிந்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், 100 ஆண்டுகளைக் கடந்த கைவினைப் படைப்புகளைத் தொல்பொருள்களாகக் கருதுகிறது. அத்தகையவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது உங்கள் ஒருவருக்கு மட்டும் உரியதா, பிற வாரிசுகளுக்கும் அதில் பங்கு உண்டா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விற்காமல் வைத்துக்கொள்வோருக்கும் ஒரு வேண்டுகோள். அதைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துவிடாதீர்கள். முக்காலியின் இடம் ஒருவர் அமரும் இடம். குப்பியின் முக்காலி இப்போது வாலாஜாபாத்தில் அவர் வீட்டுக் குழாயடியில் இருக்கிறது. பாங்கு ஒலித்ததும் அவர் அதில் அமர்ந்து ஒளுச் செய்கிறார். எங்களிடம் உள்ள மணைகளில் ஒன்றில் மஞ்சள் கறை இன்னும் மங்கலாகத் தெரிகிறது. சென்ற மாதம் அண்டை வீட்டார் மீண்டும் ஒரு விசேஷத்திற்கு அதைக் கேட்டார்கள். பரணிலிருந்து இறக்கித் துடைத்துக் கொடுத்தோம்.

இக்கட்டுரையை வாசித்து முடித்ததும், உங்கள் பெற்றோர் விட்டுச் சென்ற சிறு பொருள்களை ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றில் உங்கள் சகோதரியின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டு, அதை அவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திராதீர்கள்.

சிறிதிலும் பெரிதிலும் பிறர் உரிமையைப் பேணுவோராக வல்ல நாயன் நம் அனைவரையும் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.